கச்சான்: மலையின் இருபுறமும் வீசும் ஒரு சொல்

நாவலப்பிட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு, இருபது வயதுவரை கச்சான் என்றால் ஒன்றுதான் தெரியும். பஸ் நிலையத்தில் கடதாசிச் சுருளில் சுடச்சுட வாங்கிச் சாப்பிடும் நிலக்கடலை. மழை நாளில் அந்தச் சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சு குளிராது.

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழன் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். ஜூன் மாத இரவொன்றில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு வந்தவன், "ஊருல கச்சான் தொடங்கிற்றாம் மச்சான். வீட்டுக்குள்ள இருக்க ஏலாம இருக்காம்" என்றான். "அறுவடை நேரமா?" என்று கேட்டேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகுதான் சொன்னான், அவர்கள் பக்கம் கச்சான் என்பது ஒரு காற்று என்று. மேற்கிலிருந்து வரும் காற்று. நெருப்பு மாதிரிச் சுடும் என்றான். எங்கள் ஜன்னலுக்கு வெளியே அப்போது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அந்த மழையைக் கொண்டு வந்ததும் அதே காற்றுத்தான் என்பது அன்றைக்கு இருவருக்குமே தெரியாது.

கச்சான் கடலோடிகளின் சொல். வள்ளத்தில் பாய் கட்டிப் போனவர்கள் திசை அறியப் பயன்படுத்தியது. அது கடற்கரையோடு நின்றுவிட்ட சொல் என்று மலைநாட்டில் இருக்கும் நாம் நினைக்கிறோம். மழை, மண்சரிவு, தேயிலையின் விலை ஆகிய மூன்றோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. அந்தச் சொல்லின் பொருளையும், அதைப் பயன்படுத்தும் முறையையும், அதைச் சரியாக விளங்கிக்கொள்ளாவிட்டால் வரும் ஆபத்தையும் இங்கே எழுத முயல்கிறேன்.

சொல்லின் பொருள்

தமிழ் அகராதிகள் கச்சானுக்கு மேல்காற்று என்று பொருள் தருகின்றன. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்று. இலங்கையின் கிழக்குக் கரையில் இந்தச் சொல் இன்னும் குறுகிய, இன்னும் உறுதியான பொருளில் வழங்குகிறது: தென்மேற்குப் பருவக் காலத்தில், குறிப்பாக ஜூன், ஜூலை மாதங்களில், மலைநாட்டுப் பக்கமிருந்து வரும் வெப்பமான உலர்ந்த காற்று.

இந்தப் பொருளிலேயே சொல் உலகத்துக்கும் போயிருக்கிறது. அமெரிக்க வளிமண்டலவியல் சங்கத்தின் வானிலைச் சொற்களஞ்சியத்தில் கச்சானுக்குத் தனிப் பதிவு உண்டு. இலங்கை மலைகளின் மறுபக்கத்தில் வீசும் வெப்பக் காற்று என்று விளக்கி, மட்டக்களப்பை உதாரணமாகக் காட்டுகிறது. அங்கே அது கடற்காற்றையே வென்றுவிடும் அளவுக்குப் பலமானது, பகல் வெப்பம் 100 பாகை பரனைற்றை, அதாவது 38 பாகை செல்சியஸை நெருங்கும் என்கிறது. ஒரு தமிழ்க் காற்றுப் பெயர் அதே உச்சரிப்போடு சர்வதேச வானிலை நூலில் இடம்பிடித்திருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நிலக்கடலைக்கும் இலங்கைத் தமிழில் இதே பெயர் இருப்பதால் குழப்பம் வருகிறது. பேச்சில் இடம் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். "கச்சான் எழும்பிற்று" என்றால் காற்று. "கச்சான் வறுக்கினம்" என்றால் கடலை.

கச்சானின் கூட்டாளிகள்

கச்சான் தனிச் சொல் அல்ல, ஒரு வரிசையில் ஒன்று. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்குக் காற்றுக்குப் பழைய இலக்கியத்தில் கோடை என்று பெயர். கடலோர வழக்கில் அது கச்சான் ஆகிறது. யாழ்ப்பாணப் பக்கம் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் பருவக் காற்றைச் சோழகம் என்பார்கள். பேச்சில் அது சோளகம் ஆகும்.

இந்தப் பெயர்கள் திசையையும் காலத்தையும் சேர்த்தே சொல்கின்றன. வாடை என்றதும் வடகிழக்குப் பருவமும் மார்கழிக் குளிரும் ஞாபகத்துக்கு வரும். சோழகம் என்றால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. எனவே கடலுக்குப் போகிறவருக்கு "வாடை தொடங்கிவிட்டது" என்ற இரண்டு சொற்கள் போதும். காற்று எங்கிருந்து வரும், எந்தக் கரை கொந்தளிக்கும், எந்தக் கரை அமைதியாக இருக்கும் என்ற மூன்றும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்து வாடி அமைப்பது நெடுநாள் வழக்கம்.

காற்றுக்கு வந்த திசை, நீருக்குப் போகும் திசை

2003 ஜூலையில், சமாதான காலத்தில், நண்பனோடு முதல் முறையாக மட்டக்களப்புக்குப் போனேன். நாவலப்பிட்டியில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாத்தளை தாண்டியதும் மழை விட்டது. பொலன்னறுவையில் வெயில் எரித்தது. வாழைச்சேனையைக் கடக்கும்போது பஸ் ஜன்னலால் வந்த காற்று அடுப்படியில் நிற்பது போலிருந்தது. என் பையில் நனைந்த குடை இன்னும் ஈரமாகவே இருந்தது.

கல்லடிக் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், இந்தக் காற்று எங்கே போகிறது என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "காத்து போற இடத்தக் கேக்கிறல்ல மனே, வந்த இடத்தத்தான் கேக்கிற" என்றார்.

அவர் சொன்னது உலகெங்கும் கடலோடிகள் கைக்கொள்ளும் விதி. காற்றுக்கு அது வரும் திசையால் பெயர். நீரோட்டத்துக்கு அது போகும் திசையால் பெயர். மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. மேற்கு நீரோட்டம் என்றால் மேற்கு நோக்கிப் போவது. காரணம் எளிது. காற்று வரும் பக்கத்தைப் பார்த்தால்தான் அடுத்து வரும் முகிலும் புயலும் தெரியும். நீரோட்டத்தில் அகப்பட்டவருக்கோ, தான் எங்கே அடித்துச் செல்லப்படுவார் என்பதுதான் முக்கியம்.

வானிலை அறிக்கைகளும் இதே விதிப்படியே எழுதப்படுகின்றன. "காற்று தென்மேற்குத் திசையில் வீசும்" என்று செய்திகளில் வாசிக்கும்போது தென்மேற்கு நோக்கி என்று பொருள் கொண்டால், எல்லாமே தலைகீழாகிவிடும். "தென்மேற்குத் திசையிலிருந்து" என்று முழுமையாக எழுதுவது நல்லது. கச்சான், வாடை, கொண்டல் போன்ற சொற்களில் இந்தக் குழப்பமே இல்லை. வந்த திசை பெயருக்குள்ளேயே இருக்கிறது.

மேல் எது, கீழ் எது

மேற்கு என்ற சொல்லின் வேர் மேல். கிழக்கு என்ற சொல்லின் வேர் கீழ். தமிழகத்தில் மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். நிலம் மேற்கில் உயர்ந்து கிழக்கில் தாழ்கிறது. மொழி அந்த நிலத்தில் நின்று திசைக்குப் பெயர் வைத்தது.

நாவலப்பிட்டியில் நின்று பாருங்கள். எங்களுக்குக் கிழக்கேயும் தெற்கேயும்தான் பெரிய மலைகள் எழுகின்றன. கொத்மலை, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் அந்தப் பக்கம். மேற்கே தொலஸ்பாகை மலைகளைத் தாண்டினால் நிலம் கொழும்பு வரை இறங்குகிறது. அந்தத் தாழ்ந்த நிலத்துக்குத் தமிழில் பெயர் மேல் மாகாணம். சிறுவயதில் வானொலியில் "மேல் மாகாணத்தில் மழை" என்று கேட்டால், எங்களுக்கு மேலே இருக்கும் நுவரெலியாவைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தோட்டத்தில் மேக்கணக்கு, கீக்கணக்கு என்றால் மலையின் உயரத்தை வைத்துச் சொல்வது. பாடப்புத்தகத்தில் மேல் என்றால் மேற்கு. இரண்டும் ஒரே சொல், இரண்டு அளவுகோல்கள்.

எங்கள் அப்பாயி ஆடி மாதம் வந்தால் "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்று சொல்லும். லயத்துக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்கும்போது அதைக் கேட்பேன். எங்கள் ஊரில் ஆடியில் எதுவும் பறக்காது, எல்லாம் நனையும். பழமொழி பொய் என்று நினைத்திருந்தேன். அது பொய்யில்லை, இடம் மாறிப்போன உண்மை. ஆடிக் காற்றும் கச்சானும் ஒரே தென்மேற்குப் பருவக் காற்றின் இரண்டு பெயர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் தமிழகத்துச் சமவெளியில் வெறுங்காற்றாக இறங்குகிறது ஆடிக் காற்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த நம் முன்னோர், மலையின் காய்ந்த பக்கத்திலிருந்து புறப்பட்டு இன்னொரு மலையின் நனைந்த பக்கத்தில் வந்து இறங்கினார்கள். பழமொழியையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். நாவலப்பிட்டியில் அது பொருந்தவில்லை. மட்டக்களப்பில் அப்படியே பொருந்தும்.

ஒரே காற்று ஏன் இரண்டு விதம்

கடலோடிகளின் திசைச் சொற்களில் இன்னொரு சோடி உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் காற்றுமுகம். கப்பலோ தீவோ மலையோ மறைத்து நிற்கும் மறுபக்கம் காற்றொதுக்கு. பள்ளிக்கூடப் புவியியலில் காற்றொதுக்குப் பக்கம், மழை ஒதுக்குப் பிரதேசம் என்று படித்தது இதைத்தான்.

தென்மேற்குப் பருவத்தில் நாவலப்பிட்டி காற்றுமுகத்தில் இருக்கிறது. சுமார் 1,900 அடி உயரத்தில், கினிகத்தேனைப் பக்கமிருந்து ஏறிவரும் காற்றுக்கு நேரே. இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்கிறது, ஈரம் முகிலாகிறது, மழையாகிறது. இலங்கையின் மிக அதிக மழை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில்தான் பெய்கிறது. வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். நாட்டின் மிக வறண்ட வடமேற்குக் கரையிலும் தென்கிழக்கிலும் அது 1,000 மில்லிமீற்றருக்கும் குறைவு.

வெப்பம் ஏன் கூடுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். முகில் ஆகாத காற்று 100 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குளிரும். முகிலான பிறகு குளிரும் வேகம் ஏறத்தாழ அரைப் பாகையாகக் குறையும், ஏனென்றால் நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. கடல் மட்டத்தில் 28 பாகையில் புறப்படும் காற்று 500 மீற்றர் உயரத்தில் முகிலாகிறது என்று வைப்போம். அப்போது அது 23 பாகை. அங்கிருந்து 2,000 மீற்றர் வரை ஏறினால் இன்னும் 7.5 பாகை குறைந்து 15.5 ஆகும். நுவரெலியாவின் குளிர் அதுதான். மழையைப் பெய்துவிட்டுக் காய்ந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 1 பாகை வீதம் சூடேறும். கடல் மட்டத்துக்கு வரும்போது 35.5 பாகை. புறப்பட்டபோது இருந்ததைவிட 7.5 பாகை அதிகம். உண்மையில் காற்று இவ்வளவு நேர்த்தியாக ஏறி இறங்குவதில்லை. ஆனாலும் நண்பனின் வீட்டார் அனுபவித்த வெப்பத்துக்கு இதுதான் அடிப்படை. எங்கள் மழை வெளியிட்ட வெப்பம் அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகிறது.

கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் நாவலப்பிட்டியில் பதுளை ரயில் ஏறலாம். 1874இல் இங்கே வந்த பாதை 1924இல்தான் பதுளையை அடைந்தது. வட்டவளை, ஹட்டன், நானுஓயா என்று ஏறி, நாட்டின் மிக உயர்ந்த ரயில் நிலையமான பட்டிப்பொலையைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். அதற்கு அந்தப் பக்கம் ஒஹிய, ஊவா மாகாணம். ஜூலையில் போனால் சுரங்கத்துக்கு முன்னால் பனியும் தூறலும், சுரங்கம் கடந்ததும் வெயில். நான் போன நாளில், முன்னிருக்கையில் இருந்த அம்மா சுரங்கத்துக்குள்ளேயே குழந்தையின் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டார். அடிக்கடி போகிறவர் போலும்.

மகாவலியையும் இங்கே சொல்ல வேண்டும். கச்சான் எங்கள் பக்கம் கொட்டிய மழை மகாவலியில் சேர்ந்து நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகச் சுற்றி, கடைசியில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாறக் குடாவில் விழுகிறது. காற்று கிழக்குக் கரைக்குக் காய்ந்து போகிறது. அது இறக்கிவைத்த தண்ணீர், இடையில் பொல்கொல்லையில் திருப்பி எடுப்பது போக மிச்சம், தரை வழியாகப் பின்னால் போய்ச் சேருகிறது.

கொழுந்துக்குள் கச்சான்

தோட்டத்துக்காரருக்கு இந்தத் திசைச் சொல் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். தேயிலையின் தரமே இதில் இருக்கிறது. ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் ஊவா காற்றொதுக்கில் இருக்கிறது. காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடுகிறது. ஊவாத் தேயிலையைப் பற்றிப் பேசும் வணிகர்கள் அந்தக் காற்றைக் கச்சான் என்ற பெயராலேயே குறிப்பிடுவதுண்டு. ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புலப் பிரதேசத்துக்கோ சிறந்த பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. மேற்குச் சரிவு ஒதுக்காகி, காய்ந்து குளிர்கிறது.

ஒரே மலையில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு நல்ல பருவங்கள் கிடைப்பதற்குக் காரணம், காற்றுமுகமும் காற்றொதுக்கும் இடம் மாறிக்கொள்வதுதான். எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் கொழுந்து நிறைய வரும். ஆனால் கொங்காணியைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் படங்கு கட்டி, அட்டைக் கடியோடு அதை எடுக்கிற பெண்களுக்குத்தான் கச்சானின் இந்தப் பக்கம் தெரியும். எங்கள் அம்மா முப்பது வருடம் அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்தார். அதற்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னபோது, "கச்சான்னா திங்கிறதுதானே" என்றார்.

ஒதுக்கு என்பது நிலையான இடமல்ல

உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி இனித்தான் வருகிறது.

பாடப்புத்தக வரைபடத்தில் மேற்குச் சரிவுக்கு ஒரு நிறம், கிழக்குச் சரிவுக்கு இன்னொரு நிறம். இது ஈரப் பக்கம், அது ஒதுக்குப் பக்கம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. கடலோடி அப்படி நினைக்கமாட்டான். காற்று திரும்பினால் ஒதுக்கும் திரும்பும் என்பது அவனுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். தீவின் ஒதுக்குப் பக்கத்தில் நிற்கும் வள்ளம் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் தன் வள்ளத்துக்கு ஒதுக்குப் பக்கத்தில் ஒரு கரை இருந்தால், காற்று தன்னை நேரே அந்தக் கரையில் கொண்டுபோய் மோதிவிடும். பாய்க்கப்பல் காலத்தில் மாலுமிகள் மிகவும் பயந்த நிலைகளில் அதுவும் ஒன்று. ஒரே சொல், எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு முறை அடைக்கலம், மறுமுறை ஆபத்து.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த மலைச்சரிவு பதுளை மாவட்டத்தில், தென்மேற்குப் பருவத்துக்கு ஒதுக்கான பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவத்தில் மழை எந்தப் பக்கத்தையும் ஒதுக்கிவைப்பதில்லை. டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது கிழக்குச் சரிவே காற்றுமுகம். "இது காய்ந்த பக்கம்" என்ற பெயர் வருடத்தில் சில மாதங்களுக்குத்தான் செல்லும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது தென்மேற்குப் பருவம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இரண்டு பக்கச் சரிவுகளும் சரிந்தன. மகாவலி பெருகிக் கம்பளைப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது. எங்கள் ஊரில் சிலர், "இது நம்ம மழைக் காலம் இல்லையே, ரெண்டு நாளில விட்டுரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வைகாசி மழைக்குப் பழகியவர்கள் கார்த்திகை மழையைக் குறைவாக மதிப்பிட்டோம்.

சூறாவளி ஒரு சுழல். நம் பாதிக் கோளத்தில் அது இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் நகர நகர, ஒரே ஊருக்குக் காற்று வரும் திசை மணிக்கு மணி மாறும். காலையில் ஒதுக்காக இருந்த சரிவு மாலையில் காற்றுமுகம் ஆகலாம். கடலோடிகளிடம் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. 1857இல் டச்சு வானிலை அறிஞர் பைஸ் பலட் வெளியிட்டது: வட பாதிக் கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழமுக்கம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். திறந்த கடலில் அது நன்றாகப் பலிக்கும். மலைநாட்டில் அதை நம்பக்கூடாது. பள்ளத்தாக்கும் கணவாயும் காற்றைத் தங்கள் வழியில் திருப்பிவிடும். நாவலப்பிட்டி நகரத்தில் கன்னத்தில் படும் காற்று, வானத்தில் முகிலைத் தள்ளும் காற்றின் திசையிலேயே வர வேண்டும் என்றில்லை.

ஆகவே மலையில் இருப்பவர் காற்றின் திசையோடு மழையின் அளவையும் பார்க்க வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் பகுதிகளுக்குச் சொல்லிவரும் அளவு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால், உடனே வெளியேற வேண்டும். இந்த எண்களுக்குக் கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு என்ற பேதம் இல்லை. நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த இடத்தில் வைத்து, அடிமட்டத்தால் அளந்தால்கூட ஓரளவு தெரியும். 75 மில்லிமீற்றர் என்பது ஏழரை சென்ரிமீற்றர் உயரம். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்றுநீர், இல்லாத இடத்தில் புதிதாகக் கசியும் நீர் ஆகியவற்றைக் கண்டால் எண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

சொல்லை எப்படிப் பயன்படுத்தலாம்

சுருக்கமாகச் சொல்வதானால்: கச்சான் என்பது வரும் திசையின் பெயர், போகும் திசையின் பெயர் அல்ல. கிழக்குக் கரையில் அது வெப்பக் காற்றைக் குறிக்கும். மேற்குச் சரிவில் அதே காற்றுக்குத் தனிப்பெயர் இல்லை, நாம் மழை என்கிறோம். காற்றுமுகம், காற்றொதுக்கு என்ற சொற்களை எழுதும்போது எந்தக் காற்றுக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "தென்மேற்குப் பருவத்தில் காற்றொதுக்கான ஊவா" என்றால் சரி. வெறுமனே "ஒதுக்குப் பிரதேசமான ஊவா" என்றால் பாதி வருடத்துக்குப் பொய். வானிலை அறிவிப்பில் "மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகள்" என்று வந்தால் நாவலப்பிட்டி, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் எல்லாம் அதில் அடக்கம். "கிழக்குச் சரிவுகள்" என்று வந்தால் பதுளைப் பக்கம். அறிவிப்பை எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயர்களையும் சேர்த்துச் சொன்னால், மேல் என்பதை மலையின் உயரமாக விளங்கிக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்கும் புரியும்.

சிங்கள வானொலியில் தென்மேற்குப் பருவத்தை நிரித திசைப் பருவம் என்கிறார்கள். தமிழில் வீட்டுக்கு மூலை பார்க்கிறவர்கள் நிருதி மூலை என்று சொல்லும் அதே சொல்தான் அது. ஊரில் கடை வைத்திருக்கும் சிங்கள நண்பரிடம் இதைச் சொன்னபோது, அவர் வீட்டுக்கு மூலை பார்த்த கதையைத் தொடங்கிவிட்டார். மழை விடும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வருடத்துக்கு இரண்டு தடவையாவது நானும் மட்டக்களப்பு நண்பனும் தொலைபேசியில் காற்றைப் பற்றிப் பேசிக்கொள்வோம். ஜூனில் அவன் எடுப்பான்: "கச்சான் எழும்பிற்று, உங்களுக்கு மழையா?" டிசெம்பரில் நான் எடுப்பேன்: "வாடை வந்துருச்சா, வெள்ளமா?" கடந்த நவம்பரில் மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்தோம். இரண்டு பக்கமும் லைன் கிடைக்கவில்லை. நான்காம் நாள் அவன் குரலைக் கேட்டபோது அவன் முதலில் கேட்டது திசையைப் பற்றியல்ல. "எத்தன மில்லிமீற்றர் மச்சான்?" என்றுதான் கேட்டான்.